சீசன் வாடகையும் ஐ.எஸ்.–எல்.எம். கோடுகளும்

பக்கத்து வீட்டுப் பெண் ஊட்டியில் பி.ஏ. பொருளியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். தினமும் குன்னூரிலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். போன வாரம் ஒரு மாலை, நனைந்த குடையை வாசலில் சாய்த்துவிட்டு நேராக அடுப்படிக்கே வந்து நோட்டை விரித்தாள்.

“அக்கா, வட்டி ஏறினால் வருமானம் குறையும் என்று ஒரு கோடு சொல்கிறது. வருமானம் ஏறினால் வட்டியும் ஏறும் என்று இன்னொரு கோடு சொல்கிறது. இரண்டையும் ஒரே படத்தில் வரைந்து வைத்திருக்கிறார்கள். இதில் எது உண்மை?”

பேரியல் பொருளியலில் முதலாண்டைத் தாண்டி வருகிறவர்கள் தடுக்கி விழும் கல் இதுதான். நானும் விழுந்திருக்கிறேன். படத்தை மனப்பாடம் செய்து, பத்து மதிப்பெண் கேள்விக்கு ஸ்கேல் வைத்து வரைந்து, நல்ல மதிப்பெண்ணும் வாங்கி, ஒன்றும் புரியாமலே அடுத்த பருவத்துக்குப் போனவள் நான்.

அவளிடம் பதில் சொல்லாமல் ஒரு கேள்வி கேட்டேன். “மே மாதத்தில் ஊட்டி லாட்ஜில் வாடகை ஏறினால் கூட்டம் என்ன ஆகும்?”

“குறையும்.”

“கூட்டம் ஏறினால் வாடகை?”

“ஏறும்.”

“இதில் எது உண்மை?”

சிரித்துவிட்டாள். மலையில் பிறந்த பிள்ளைகளுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டும் உண்மை. வருகிறவர்கள் வாடகையைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். லாட்ஜ்காரர் கூட்டத்தைப் பார்த்து முடிவு செய்கிறார். இருவரும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருக்கும்போது, இருவருக்கும் ஒத்துப்போகும் ஒரு வாடகையில், ஓர் எண்ணிக்கையில் சீசன் நிலைகொள்கிறது. வாடகை கூட்டத்தைத் தீர்மானித்ததா, கூட்டம் வாடகையைத் தீர்மானித்ததா என்று கேட்டால் விடை கிடையாது. இரண்டும் சேர்ந்தே தீர்மானமாகின்றன.

முதலாண்டுப் பாடம் நம்மை ‘இதனால் அது’ என்று நினைக்கப் பழக்குகிறது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பழக்கத்தை விட வேண்டியிருக்கிறது. புத்தகம் இதை வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதுதான் என் நெடுநாள் வருத்தம். அந்த இரண்டு கோடுகளின் பெயர்களான ஐ.எஸ்.–எல்.எம். என்ற எழுத்துகளைப் பார்த்து மிரளுகிறவர்கள் உண்மையில் மிரளுவது இந்த மாற்றத்தைக் கண்டுதான்.

முதலில் பழைய பாடத்திலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்வோம்: பெருக்கி.

சுற்றுலா வந்த ஒருவர் லாட்ஜில் 100 ரூபாய் கொடுக்கிறார். அது லாட்ஜ் ஊழியர்களுக்கும் முதலாளிக்கும் வருமானம். அவர்கள் அதில் 60 ரூபாயைச் செலவு செய்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கூடுதலாக வரும் ஒரு ரூபாயில் எவ்வளவு செலவாகிறது என்பதைத்தான் இறுதிநிலை நுகர்வு நாட்டம் என்கிறோம்; இங்கே அது 0.6. அந்த 60 ரூபாய் டீக்கடைக்காரருக்கும் வர்க்கி சுடும் பேக்கரிக்காரருக்கும் வருமானம். அவர்கள் அதில் 36 ரூபாயைச் செலவு செய்கிறார்கள். அடுத்தவர் 21.60. இப்படியே தேய்ந்து தேய்ந்து போனாலும், எல்லாவற்றையும் கூட்டினால் 250 ரூபாய் வருகிறது. 1-ஐ 0.4-ஆல் வகுத்தால் 2.5, அதுதான் பெருக்கி.

ஆனால் வர்க்கிக்கு மைதா எங்கிருந்து வருகிறது? கீழே இருந்து. அரிசி, எண்ணெய், துணி, மருந்து எல்லாமே மலையேறி வருகின்றன. பேக்கரிக்காரர் கையில் விழுந்த பணத்தில் ஒரு பங்கு அன்றைக்கே மேட்டுப்பாளையத்துக்கு இறங்கிவிடுகிறது. ஒவ்வொரு ரூபாய் வருமானத்திலும் செலவாகும் 60 காசில் 40 காசு சமவெளிப் பொருளுக்குப் போனால், மலைக்குள் சுற்றுவது 20 காசுதான். பெருக்கி 2.5-லிருந்து 1.25-க்கு விழுந்துவிடும். இதற்குப் பாடப்புத்தகப் பெயர் கசிவு. நம் கேரட்டும் பீட்ரூட்டும் கழுவி மூட்டை கட்டி அதே மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகின்றன. அது நம் ஏற்றுமதி. சிறிய, திறந்த பொருளாதாரங்களில் பெருக்கி ஏன் சிறுத்துப்போகிறது என்று யாராவது கேட்டால் காய்கறி லாரியையும் மைதா மூட்டையையும் நினைத்துக்கொண்டால் போதும்.

இனிக் கணக்கை எளிதாக்க, மலையைச் சுற்றிச் சுவர் எழுப்பி அதை ஒரு தனி நாடாகக் கற்பனை செய்துகொள்கிறேன். இறக்குமதி இல்லை, ஏற்றுமதி இல்லை, வரியும் இல்லை. எண்கள் எல்லாம் கோடி ரூபாயில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்லாமே என் கற்பனை.

நுகர்வு = 60 + 0.6 × வருமானம்
முதலீடு = 100 − 10 × வட்டி
அரசுச் செலவு = 80

அரசுச் செலவு என்றதும் எனக்கு வெலிங்டனும் அரவங்காடும்தான் நினைவுக்கு வருகின்றன. ராணுவ மையத்துச் சம்பளமும் வெடிமருந்துத் தொழிற்சாலைச் சம்பளமும் சீசன் நன்றாக இருந்தாலும் படுத்தாலும் மாதம் பிறந்தால் வந்துவிடும். மலையின் வருமானத்தைப் பார்த்து அவை கூடுவதில்லை, குறைவதில்லை. வெளியிலிருந்து தீர்மானமாகும் எண் என்று பாடத்தில் சொல்வது இதைத்தான்.

முதலீடு அப்படியல்ல. லாட்ஜுக்கு மேல் இன்னொரு மாடி எழுப்பலாமா, தேயிலை ஆலைக்குப் புது உலர்த்தும் இயந்திரம் வாங்கலாமா என்று யோசிக்கிறவர் வங்கி வட்டியைக் கேட்டுவிட்டுத்தான் முடிவு செய்வார். சொந்தப் பணம் வைத்திருந்தாலும் அப்படித்தான். மாடி கட்டுவதா, வைப்பு நிதியில் போடுவதா என்ற கணக்கு உள்ளே ஓடும். அதனால் வட்டி ஏறினால் முதலீடு குறைகிறது.

இந்த மூன்றும் சேர்ந்ததுதான் மொத்தத் தேவை. உற்பத்தியாவது முழுவதும் விற்றுப்போக வேண்டுமானால் வருமானமும் மொத்தத் தேவையும் சமமாக இருக்க வேண்டும். கூட்டிச் சுருக்கினால்:

வருமானம் = 600 − 25 × வட்டி

இதுதான் ஐ.எஸ். கோடு. முதலீடு, சேமிப்பு ஆகிய ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள். இந்தக் கோட்டில் எங்கே நின்றாலும், நுகர்வும் அரசுச் செலவும் போக மிஞ்சும் சேமிப்பு முதலீட்டுக்குச் சரியாக இருக்கும், பெயர்க்காரணம் அவ்வளவுதான். வட்டி 4 என்றால் வருமானம் 500. வட்டி 8 என்றால் 400. கோடு வலப்பக்கம் கீழிறங்குகிறது.

இங்கேதான் ஒரு தப்பான எண்ணம் நுழைகிறது. கோட்டைப் பார்த்ததும் அதைப் பாதையாக நினைத்துவிடுகிறோம். பொருளாதாரம் அதன்மேல் நடந்துபோகிறது என்று தோன்றுகிறது. கோத்தகிரிப் பக்கம் சரிவு நிலங்களில் சம உயர வரப்பு போட்டிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். மலையின் இடுப்பைச் சுற்றி வளைந்து போகும் அந்த வரப்பில் எந்த இடத்தில் நின்றாலும் உயரம் ஒன்றே. உயரம் ஒத்துப்போகும் இடங்களையெல்லாம் சேர்த்து இழுத்த கோடு அது. ஐ.எஸ். கோடும் வரப்புதான். பொருள் சந்தை, அதாவது உற்பத்தியும் தேவையும், ஒத்துப்போகும் எல்லா வட்டி–வருமான ஜோடிகளையும் சேர்த்து இழுத்தது. அதில் எந்த இடத்தில் நாம் நிற்கிறோம் என்று அந்தக் கோட்டால் சொல்ல முடியாது. தனியாக அதற்கு அந்த வலிமை இல்லை.

அதற்குத்தான் இரண்டாவது கோடு.

சீசன் ஞாயிற்றுக்கிழமைகளில் ஊட்டி ஏ.டி.எம்.களின் முன்னால் நிற்கும் வரிசையைப் பார்த்திருக்கிறவர்களுக்கு எல்.எம். கோடு பாதி புரிந்துவிட்டது. வியாபாரம் கூடினால் கையிருப்புப் பணம் அதிகம் தேவைப்படுகிறது. மளிகைக்காரர், ஜீப் ஓட்டுநர், லாட்ஜ்காரர் எல்லோருக்கும் தேவைப்படுகிறது. இன்று பாதிப் பேர் கைப்பேசியில் பணம் அனுப்புகிறார்களே என்று கேட்கலாம். அதற்கும் கணக்கில் இருப்பு வேண்டுமே! பெட்டியில் இருக்கும் நோட்டும் உடனே எடுக்கக்கூடிய கணக்கிருப்பும் பொருளியலாளருக்கு ஒன்றுதான், இரண்டும் பணம்.

பணத்தைக் கையில் வைத்திருப்பதற்கு ஒரு விலை உண்டு. கடன் பத்திரத்திலோ வைப்பு நிதியிலோ போட்டிருந்தால் வந்திருக்கும் வட்டிதான் அந்த விலை. வட்டி ஏறினால் கையில் வைத்திருப்பதைக் குறைத்துக்கொள்வோம். நீர்மை விருப்பம் என்று ஆங்கிலப் பொருளியலாளர் கெயின்ஸ் 1936-இல் தன் புத்தகத்தில் எழுதியதன் சாரம் இது. நம் கற்பனை மலைநாட்டில்:

பணத் தேவை = 0.5 × வருமானம் − 25 × வட்டி
பண அளிப்பு = 150

இரண்டும் சமம் என்றால், வருமானம் = 300 + 50 × வட்டி. நீர்மை விருப்பமும் பணமும் சேர்ந்த இந்த எல்.எம். கோடு மேல்நோக்கி ஏறுகிறது. காரணம் எளிது. வருமானம் கூடினால் எல்லோருக்கும் பணம் வேண்டும். பணமோ 150 கோடியைத் தாண்டாது. இருப்பதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டுமானால் சிலராவது கையிருப்பைக் குறைத்தாக வேண்டும். அவர்களைக் குறைக்க வைப்பது வட்டியின் ஏற்றம்.

இரண்டு வரப்புகளும் வெட்டிக்கொள்ளும் இடத்தைக் கண்டுபிடிக்க ஒரு வரிக் கணக்கு போதும். 600 − 25 × வட்டி = 300 + 50 × வட்டி. வட்டி 4, வருமானம் 500. சரிபார்த்துவிடுங்கள்: நுகர்வு 360, முதலீடு 60, அரசுச் செலவு 80, கூட்டினால் 500. பணத் தேவை 250 − 100 = 150. இரண்டு சந்தைகளும் ஒத்துப்போகின்றன.

நோட்டில் இதைப் போட்டுக் காட்டியபோது அவளுக்கு ஆர்வம் தட்டியது. அவளே அடுத்த கேள்வியைக் கேட்டாள். “அரசு இன்னும் 30 கோடி செலவு செய்தால்?”

பழைய பழக்கத்தில் பெருக்கியை எடுத்தாள். 30 × 2.5 = 75. வருமானம் 575 என்றாள். எல்.எம். கோட்டை மறந்துவிட்டாள்.

அரசுச் செலவு 110 ஆனால் ஐ.எஸ். கோடு 675 − 25 × வட்டி என்று வலப்பக்கம் நகர்கிறது. எல்.எம். கோடு இருந்த இடத்திலேயே இருக்கிறது. வெட்டுமிடம்: வட்டி 5, வருமானம் 550. எதிர்பார்த்த 75-இல் 50 தான் கிடைத்தது. மீதி 25 எங்கே போனது? சம்பளம் கூடியது, கடைகளில் வியாபாரம் கூடியது, எல்லோருக்கும் கூடுதலாகப் பணம் தேவைப்பட்டது, பணம் அளவோடு இருந்ததால் வட்டி 4-லிருந்து 5-க்கு ஏறியது. வட்டி ஏறியதும் யாரோ ஒருவர் லாட்ஜுக்கு மேல்மாடி எழுப்பும் திட்டத்தைத் தள்ளிப்போட்டார். முதலீடு 60-லிருந்து 50-க்கு விழுந்தது. அந்த 10 கோடியும் பெருக்கி வழியே 25 ஆகத் திரும்பி வந்து வருமானத்தைத் தின்றது. இதைத்தான் வெளித்தள்ளல் விளைவு என்கிறார்கள்: அரசுச் செலவு உள்ளே வர, தனியார் முதலீடு ஓரளவு வெளியே தள்ளப்படுகிறது.

நான் சொன்னது ஒரு கதை போல, ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது போல ஒலிக்கிறது. படம் அப்படிச் சொல்லவில்லை. பழைய வெட்டுமிடத்தையும் புதிய வெட்டுமிடத்தையும் மட்டும்தான் அது காட்டுகிறது. நடுவில் எத்தனை மாதம், எது முந்தியது என்பதெல்லாம் நாம் ஒட்டவைத்துக்கொள்வது. ஒட்டவைக்காமல் யாருக்கும் புரியாது. ஒட்டவைத்தது நாம்தான் என்பது மட்டும் நினைவில் இருந்தால் போதும். தேர்விலும் ‘எந்தச் சந்தையின் சமநிலை முதலில் குலைந்தது’ என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்கிறவர் தப்பான கோட்டை நகர்த்தமாட்டார். அரசுச் செலவு, வரி, தொழில்முனைவோரின் நம்பிக்கை ஆகியவை குலைப்பது பொருள் சந்தையை, ஐ.எஸ். நகரும். பண அளிப்பு மாறினால் எல்.எம். நகரும். வட்டியே மாறினால் எந்தக் கோடும் நகராது, ஏனென்றால் வட்டி படத்தின் அச்சிலேயே இருக்கிறது. ‘வட்டி ஏறியதால் ஐ.எஸ். இடப்பக்கம் நகர்ந்தது’ என்று எழுதப்பட்ட விடைத்தாள்களை எண்ணி மாளாது.

கெயின்ஸின் புத்தகம் வந்த மறு ஆண்டு, 1937-இல், அதை ஒரு படத்துக்குள் அடக்கிக் காட்டியவர் ஜான் ஹிக்ஸ். அவருடைய படத்தில் இரண்டாவது கோட்டின் பெயர் எல்.எல். அமெரிக்காவின் ஆல்வின் ஹேன்சன் இதை வகுப்பறைகளுக்குக் கொண்டு சேர்த்தார். 1972-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஹிக்ஸ், முதுமையில் தன் படத்தைப் பற்றி அவ்வளவு பெருமைப்படவில்லை. வகுப்பறைக்கு ஏற்ற கருவி, அதற்கு மேல் பாரம் ஏற்றாதீர்கள் என்ற தொனியில் எழுதினார். எனக்கு அவரைப் பிடித்துப்போனதே அதனால்தான்.

பாரம் எங்கே தாங்காது என்று பார்ப்போம். இன்றைய ரிசர்வ் வங்கி ‘பணம் 150 கோடிதான்’ என்று வரம்பு கட்டி உட்கார்ந்திருப்பதில்லை. ஆறு பேர் கொண்ட பணக் கொள்கைக் குழு ரெப்போ வட்டியை, அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்கும் வட்டியை, தீர்மானிக்கிறது. அந்த வட்டி நிலைக்கத் தேவையான பணத்தை ரிசர்வ் வங்கி விடுகிறது அல்லது உறிஞ்சுகிறது. அப்படியானால் எல்.எம். கோடு ஏறுவதில்லை, தரையில் படுத்த கோடாகிவிடுகிறது. நம் கணக்கில் வட்டி 4-லேயே நிற்கட்டும் என்று முடிவு செய்தால், அரசுச் செலவு 30 கூடும்போது வருமானம் முழுதாக 575-க்குப் போகும். பணம் 150-லிருந்து 187.5-க்குத் தானே கூடிவிடும். அவள் முதலில் சொன்ன விடை அப்போது சரியாகிவிடுகிறது! இதைச் சொன்னபோது என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே.

இன்னோர் இடம், 2020. மார்ச் 25 அன்று ஊரடங்கு தொடங்கியது. மலையில் ஏப்ரல், மே தான் முதல் சீசன். பூங்காக்களும் லாட்ஜுகளும் பூட்டிக் கிடந்தன. மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 5.15-லிருந்து 4.40 சதவீதமாகக் குறைத்தது. மே 22 அன்று 4.00. பாடப்படி முதலீடு பெருக வேண்டும். வெறிச்சோடிய லாட்ஜுக்கு மேல் யார் மாடி கட்டுவார்கள்? இருக்கும் கடனின் தவணையைத் தள்ளிவைத்துக் கொடுத்ததைத்தான் பலர் நிம்மதியாக வாங்கிக்கொண்டார்கள். நம் சமன்பாட்டு மொழியில், முதலீட்டில் வட்டிக்கு முன்னால் நிற்கும் 10 என்ற எண் ஏறக்குறைய பூச்சியமாகிவிட்டது. ஐ.எஸ். கோடு இடப்பக்கம் பெயர்ந்ததோடு செங்குத்தாகவும் நிமிர்ந்துவிட்டது. வட்டி எவ்வளவு இறங்கினாலும் வருமானம் அசையாது. அந்த ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் மொத்த உற்பத்தி முந்தைய ஆண்டின் அதே காலாண்டைவிட 23.9 சதவீதம் சரிந்ததாக முதல் மதிப்பீடு சொன்னது. இதுபோன்ற வேளையில் வெளித்தள்ளல் பேச்சுக்கே இடமில்லை. தள்ளப்பட முதலீடு இருந்தால்தானே!

விலைவாசியைப் பற்றி இதுவரை ஒரு வார்த்தையும் பேசவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். இந்தப் படத்தில் விலை அசையாது என்பது அனுமானம். 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம் 7.79 சதவீதத்தைத் தொட்டபோது, 4 சதவீத இலக்கோடு இருந்த ரிசர்வ் வங்கி மே மாதமே வட்டியை ஏற்றத் தொடங்கி, 2023 பிப்ரவரிக்குள் 6.50-க்குக் கொண்டுபோனது. ஏன் என்பதற்கு இந்த இரண்டு கோடுகளிடம் விடை இல்லை. அதற்கு மொத்த அளிப்பு, அதாவது எந்த விலையில் எவ்வளவு உற்பத்தி வரும் என்ற கணக்கு, வேண்டும். அது அடுத்த அத்தியாயம், அதற்கு வேறொரு மாலை.

போகும்போது அவளுக்குக் கொடுத்த வீட்டுப்பாடத்தை உங்களுக்கும் தருகிறேன். பணம் 150 கோடியாகவே இருக்க, அரசு தன் செலவை 80-லிருந்து 50-க்குக் குறைக்கிறது. புது வட்டி என்ன, வருமானம் என்ன, முதலீடு என்ன? வட்டி 3, வருமானம் 450, முதலீடு 70 என்று வந்தால் சரி. வருமானம் 425 என்று வந்தால், நீங்களும் எல்.எம். கோட்டை மறந்துவிட்டீர்கள்.